பக்கத்து ஆள் காதில் விழாத பாட்டு

லிஃப்ட்காரருக்குப் பாட்டு வராது. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை; அதில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் அவர் அம்மாவே காதைப் பொத்திக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது வாத்தியார் அவரை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, "நீ சும்மா வாயை அசைச்சாப் போதும்ப்பா" என்று சொன்னார். அன்று பிடித்த பழக்கம். பிறந்தநாள் வீடோ, சங்கக் கூட்டமோ, எங்கே நாலு பேர் சேர்ந்து பாடினாலும் வாயை மட்டும் நேர்த்தியாக அசைப்பார். தலைமுடி நரைத்த பிறகும் இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வாரம் முழுக்க அடுத்தவர் கட்டடங்களில் ஏறி இறங்கி முழங்கால் கெஞ்சுகிற நேரத்தில், "பழைய மேடை நாடகப் பாடல்கள் – கூட்டுப் பாட்டுப் பயிலரங்கு" என்று எழுதிய கதவின் முன்னால் போய் நின்றார் என்றால், அது மனைவிக்காக.

மனைவி பாடுகிறவள். பள்ளி உடுப்பு தைக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. அவளுடைய அப்பா நாடகக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்தவர். அதனால் அந்தக் காலத்து மேடைப் பாட்டுகள் எல்லாம் அவளுக்கும் அவள் அக்காவுக்கும் காசு கொடுக்காமலே மனப்பாடம் ஆகிவிட்டன. அக்கா அடுத்த தெருவில் இருந்தாள். சாயங்காலம் வந்தால் இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்துவிடுவார்கள். மேடைப் பாட்டில் பாதி கேள்வி, பாதி பதில். ஒருத்தி கேட்பாள், மற்றவள் பதில் சொல்வாள். குழம்பு அடிப்பிடித்தாலும் பாட்டு நிற்காது. லிஃப்ட்காரர் முன்னறையில் பேப்பரை வைத்துக்கொண்டு, படிக்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

அக்கா போன வருஷம் போய்விட்டாள். மனைவி அழுதாள், ஓய்ந்தாள், திரும்ப வேலைக்குப் போனாள். சமையல் வந்தது, பேச்சு வந்தது, சண்டைகூடப் பழையபடி வந்தது. பாட்டு மட்டும் வரவில்லை.

"ஏம்மா, நீ பாடறதே இல்லையே?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார்.

"யாரோட பாடறது? உங்களோடயா?" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் பேப்பர் படிப்பதே அவருக்குப் பெரிய பாடாகிவிட்டது. குழம்பு அடிப்பிடிப்பதும் நின்றுபோனது.

இந்த நிலையில்தான் ஓர் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. "வாருங்கள், சேர்ந்து பாடுவோம்! மேடையிசை மேம்பாட்டு மன்றம்" என்று இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "நான் மட்டும் போய் அங்க முன்பின் தெரியாதவங்களோட நிக்க மாட்டேன். நீங்களும் சேர்ந்தா வரேன்" என்றாள். வேறு வழி?

மன்றம் நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. கதவு இடுக்கில் பார்த்ததுமே என்ன கோளாறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பையில் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய ஒருங்கிணைப்பாளர் அம்மாள் ஓடிவந்து, "தொடாதீங்க சார்! லிஃப்ட் சம்பந்தமா துணைக்குழு உட்கார்ந்திருக்கு" என்றார். எத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. படியேறினார்கள்.

முதல் சனிக்கிழமை யாரும் பாடவில்லை. அது தொடக்க விழா. மன்றத் தலைவர் பேசினார். கூட்டுப் பாட்டு ஏன் தனிப் பாட்டைவிட உயர்ந்தது என்று பேசினார். மன்றம் ஏன் கூட்டுப் பாட்டைவிட உயர்ந்தது என்றும் பேசினார். அப்புறம் டீயும் பிஸ்கெட்டும் வந்தன. இரண்டாவது சனிக்கிழமையும் பாடவில்லை. எப்படி நிற்பது என்று கற்றுக்கொடுத்தார்கள். பிறந்து ஒரு வயதிலிருந்து நின்றுகொண்டிருப்பவர்கள் அத்தனை பேரும் தப்பாக நின்றுவந்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரியவந்தது. மூன்றாவது சனிக்கிழமை வாயைத் திறக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அன்று பயன் அடைந்தவர் ஒரே ஒருவர்தான். லிஃப்ட்காரருக்குப் பக்கத்தில் நின்ற பல் டாக்டர்.

"உங்களுக்குக் கீழ்வரிசை கடைவாய்ப்பல் ஒண்ணு ஆடுது, பார்த்துக்குங்க" என்று சொல்லித் தன் கிளினிக் அட்டையை நீட்டினார். எதிர்வரிசையில் இருந்த அத்தனை வாய்களையும் அவர் அன்றைக்கே பார்த்து முடித்திருந்தார்.

இருந்தாலும் ஒன்று நடந்தது. இந்த நிற்பதையும் திறப்பதையும் பார்த்துச் சலித்துப்போய், மூன்றாவது வாரம் வீடு திரும்பும்போது மனைவி படியில் இறங்கிக்கொண்டே லேசாக ஏதோ முனகினாள். அரை வரிகூட இருக்காது. லிஃப்ட்காரர் படியில் அப்படியே நின்றுவிட்டார். "என்ன, முழங்கால் வலியா?" என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார். உண்மையைச் சொன்னால் நிறுத்திவிடுவாள் என்று பயம். அந்த அரை வரிக்காக இன்னும் நாலு மாடி ஏறச் சொன்னாலும் ஏறியிருப்பார்.

நாலாவது வாரம் பயிலரங்கின் இயக்குநர் வந்தார். மன்றம் அவருக்குச் "சுருதிச் செம்மல்" என்று பட்டம் கொடுத்திருந்தது. மன்றத்தின் இயக்குநரும் அவரே ஆனதால், பட்டத்தை அவர் கொடுத்து அவரே வாங்கிக்கொண்ட போட்டோ சுவரில் மாட்டியிருந்தது. செம்மல் மெதுவாகப் பேசுகிறவர். எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது.

"கூட்டுப் பாட்டுக்கு ஒரே ஒரு விதிதான்" என்றார். "பக்கத்து ஆள் குரல் உங்க காதுல விழணும். உங்க குரல் பக்கத்து ஆள் காதுல விழக் கூடாது. அவ்வளவுதான். இதுல முழு சங்கீதமும் அடங்கிப்போச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். மனைவி மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஐயா, பக்கத்து ஆளும் அதே மாதிரி பண்ணினா?" என்று கேட்டாள்.

"பண்ணணும்."

"அப்ப அவர் குரல் எனக்கு எப்படி விழும்?"

செம்மல் புன்னகைத்தார். எல்லாம் அறிந்தவர்கள் பதில் தெரியாதபோது புன்னகைக்கும் விதத்தில் புன்னகைத்தார். "அதுதாம்மா பயிற்சி" என்றார்.

பிறகு குரல் தேர்வு. ஒவ்வொருவரும் ஒரு வரி பாட வேண்டும். ஆற்றைக் கடக்க வந்த ஒருத்தி படகுக்காரனிடம் கேட்கிற பழைய மேடைப் பாட்டைத்தான் கொடுத்திருந்தார்கள். "அக்கரை விளக்குத் தெரிகிறதா, அண்ணே, அலை கொஞ்சம் ஓய்கிறதா?" என்று அவள் கேட்பாள். "தெரியுது தாயே, சின்னதாத் தெரியுது, துடுப்பு நான் போடுறேன், நீ ஏறிக்கோ" என்று படகுக்காரன் பதில் சொல்வான். மனைவி முறை வந்தது. அவள் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு பாடினாள். ஒரு வருஷமாகப் புழங்காத குரல் முதல் சொல்லில் கொஞ்சம் கரகரத்தது. இரண்டாவது சொல்லில் திறந்துகொண்டது. வாசலில் டீ டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்த ஆள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

செம்மல் முகம் சுளித்தார்.

"அம்மா, உங்க குரல் தெரியுதே" என்றார்.

"தெரியணும்ல?"

"தெரியவே கூடாது. பத்து பேரோட நீங்க நின்னா, உங்களை மட்டும் எல்லாரும் கேப்பாங்க. மத்தவங்க கதி? இது கூட்டு மனப்பான்மைக்கு விரோதம். தப்பா நினைச்சுக்காதீங்க, இது ஒரு குறைபாடுதான். நாங்க சரி பண்ணிடுவோம்." ஒருங்கிணைப்பாளர் அம்மாளைப் பார்த்து, "மிகைக் குரல்னு போட்டுக்குங்க" என்றார்.

அடுத்து லிஃப்ட்காரர். அவர் தன் வழக்கப்படி மூச்சை இழுத்து, புருவத்தைத் தூக்கி, வாயை மட்டும் அசைத்தார். கேள்விக்குறி வருகிற இடத்தில் தலையைக் கொஞ்சம் சாய்த்தும் காட்டினார். செம்மல் தன் காதை அவர் உதட்டுக்கு அருகில் கொண்டுவந்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் மூடியே வைத்திருந்தார்.

"ஆஹா" என்றார் கடைசியில். "என்ன ஒரு கலப்பு! பாட்டு இருக்கு, பாடகன் இல்லை. இதுக்கு முன்னால எங்க பயின்றீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்குங்க."

"அடக்கம்" என்றார் செம்மல், மற்றவர்களைப் பார்த்து.

அன்று இரவு சாப்பிட்டுக் கை கழுவும்போது மனைவி சொன்னாள். "நான் கத்தறேன்னு சொல்லிட்டாங்க. இத்தனை வருஷமா பக்கத்துல உட்கார்ந்திருந்தா அக்கா. அவளுக்கு அது தெரியவே இல்ல பாருங்க."

"அந்த ஆளுக்கு என்ன தெரியும்? நாம போக வேண்டாம் விடு."

"ஏன், நடுவுல விடறதா? போய்த்தான் பார்ப்போம். உங்களை வேற ஆஹாங்கறாங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அதற்கப்புறம் படியில் முனகல் இல்லை. முன்பு வீட்டில் இருந்தது பாட்டு இல்லாத அமைதி. இப்போது வந்திருப்பது, பாடக் கூடாது என்று முடிவுகட்டிய அமைதி. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கூட இருப்பவர்களுக்குத் தெரியும். அவளைப் பாடவைக்க அழைத்துப்போய், மிச்சம் மீதி இருந்ததையும் பிடுங்கிக்கொடுத்துவிட்டோமே என்று லிஃப்ட்காரர் தன்னைத்தானே நொந்துகொண்டார்.

மன்றமோ மும்முரமாக முன்னேறிக்கொண்டிருந்தது. வகுப்பு நடக்கும்போது காது கூர்மையான ஊழியர்கள் இரண்டு பேர் வரிசைகளுக்கு நடுவில் நடந்தார்கள். யாருடைய குரலாவது கேட்டால் அவர் தோளைத் தொடுவார்கள். தொடப்பட்டவர் அடுத்த முறை குறைத்துக்கொள்வார். அவர் குறைத்ததும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் குரல் வெளியே தெரிந்துவிடும். அவர் தோளையும் தொடுவார்கள். இப்படியே வரிசை வரிசையாகக் குரல்கள் உள்ளே போயின. முதலில் பேச்சு அளவு, பிறகு ரகசியம் சொல்லுகிற அளவு, பிறகு மூச்சு. ஒருநாள் ஒலி அளக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். அதன் முள் ஆடினால் செம்மல் வருத்தப்பட்டார். ஆடாவிட்டால் கண்கலங்கினார்.

ஒருமுறை முழுப் பாட்டும் பாடி முடித்தபோது முள் அசையவே இல்லை. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. அதையும் நிறுத்திவிட்டு மறுபடி பாடச் சொன்னார்கள். வியர்வை ஒழுக ஒழுக எல்லோரும் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள்.

"இதுதான் ஒரே குரல்!" என்றார் செம்மல், குரல் தழுதழுக்க. "இப்ப இந்த அறையில யாராவது யாரையாவது விட உசத்தியாப் பாடினாங்கன்னு சொல்ல முடியுமா? முடியாது. யாராவது தப்பாப் பாடினாங்கன்னு சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. மன்றம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு அபஸ்வரம் வந்ததில்லைன்னு நாம தைரியமாச் சொல்லிக்கலாம்."

பல் டாக்டர் கையைத் தூக்கினார். "கேக்கறவங்களுக்குப் பாட்டு கேக்கலைன்னா என்ன சார் பண்றது?"

"அது அவங்க கேக்கற திறமையில உள்ள குறை. அதுக்கும் நம்மகிட்ட தனிப் பயிலரங்கு இருக்கு."

பல் டாக்டர் கையை இறக்கிக்கொண்டார். அவருக்கு என்ன போயிற்று? அந்த வாரம் மட்டும் நாலு பேர் பல் பிடுங்க வந்திருந்தார்கள்.

மனைவியைச் சரி பண்ண முயன்று பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து நடுவரிசைக்கு, அங்கிருந்து பின்வரிசைக்கு, பிறகு தூணுக்குப் பின்னால் நகர்த்தினார்கள். அவள் ரகசியமாகப் பாடினாலும் முள் ஆடியது. பாவம், அவளுக்கு வாயைத் திறந்தால் சத்தம் வந்துவிடும், அப்படியே வளர்ந்துவிட்டாள். கடைசியில் பாட்டுத் தாள்களை விநியோகிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். தாள்களைப் படிக்கும்போதே அவள் உதடு துடிக்கிறது என்று ஊழியர் ஒருவர் சொன்னதால் அதையும் வாங்கிக்கொண்டு, விழாவன்று மேடைத் திரைக்கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்கள்.

லிஃப்ட்காரரோ நேர் எதிராக ஏறிக்கொண்டே போனார். பின்வரிசையிலிருந்து நடு, நடுவிலிருந்து முன், முன்னிலிருந்து நட்டநடு. விழாவில் அக்கரை விளக்குப் பாட்டின் கேள்வி வரிகளை அவர் தனியாகப் பாட வேண்டும், பதிலைக் கூட்டம் பாடும் என்று அறிவித்தார்கள். அறிவிப்பைக் கேட்டபோது மனைவி கயிறு முடிச்சுப் போடப் பழகிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. வகுப்பு முடிந்ததும் செம்மலின் அறைக்குள் போனார்.

"ஐயா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் பாடறதே இல்லை. வாயைத்தான் அசைக்கிறேன். எனக்குப் பாட்டே வராது. என்னை எடுத்துட்டு என் வீட்டம்மாவைப் போடுங்க. அந்த வரி அவளோடது."

செம்மல் நாற்காலியிலிருந்து எழுந்துவந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நான் பாடறேன்னு நினைக்கறவன்தான் எங்களுக்குப் பிரச்சினை. நான் பாடலைன்னு சொல்ற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன். நாங்க மாசக்கணக்குல சொல்லிக்குடுத்தும் வராதது உங்களுக்குத் தானா வந்திருக்கு. அடுத்த பயிலரங்குக்கு நீங்களே வந்து சொல்லித்தரணும்."

"என் வீட்டம்மா..."

"புரியுது, புரியுது. வீட்டுல இப்படி ஒரு குரலை வச்சுக்கிட்டு நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க!"

அவர் வெளியே வந்தார். மனைவி படிக்கட்டில் காத்திருந்தாள். "என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். "என்னை வாத்தியாராப் போடறாங்களாம்" என்றார். அந்த மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒருமுறைதான். சிரித்து முடித்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது. இருவரும் நாலு மாடியும் இறங்கினார்கள்.

விழா வந்தது. மண்டபத்தில் பயிலரங்கில் இருப்பவர்களின் குடும்பத்தார் முக்கால்வாசி. மிச்சம் மன்றத்தார். ஒலி அளக்கும் கருவி மேடையின் ஓரத்தில் ஒரு தனி ஸ்டூலில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்டிருந்தது. தலைவர் பேசினார்.

"போன வருஷ நிகழ்ச்சியில பின்வரிசையில ஒருத்தர் இருமினது சபை முழுக்கக் கேட்டுது. அதை விசாரிக்கக் குழு போட்டோம். இந்த வருஷம் அதுகூடக் கேக்காதுன்னு உறுதி சொல்றேன். எங்களுக்குக் குடுத்த நிதியில ஒரு காசுகூடச் சத்தத்துக்குச் செலவாகலை. இதை எந்த மன்றமாவது சொல்ல முடியுமா?"

கைதட்டினார்கள். எப்போது தட்ட வேண்டும் என்று காட்ட ஒருங்கிணைப்பாளர் அம்மாள் ஓரத்தில் பச்சைத்துணி ஒன்றை வைத்துக்கொண்டு நின்றார்.

திரை உயர்ந்தது. முதல் பாட்டு தொடங்கியது. எல்லா வாயும் ஒன்றாகத் திறந்தன, ஒன்றாக மூடின. சபையில் சிலர் மைக் வேலை செய்யவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் தன் காதுக் கருவியைக் கழற்றித் தட்டிப் பார்த்து மறுபடி மாட்டிக்கொண்டார். பின்வரிசைகளில் தூங்கத் தொடங்கினார்கள். பாட்டு முடிந்தது. பச்சைத்துணி ஆடியது. எல்லோரும் தட்டினார்கள். தூங்கியவர்கள்தான் முதலில் தட்டினார்கள்.

அடுத்தது அக்கரை விளக்கு. லிஃப்ட்காரர் இரண்டு அடி முன்னால் வந்து மேடை விளிம்பில் நிற்க வேண்டும். வந்து நின்றார். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். மனைவி இருட்டில் இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அவரைப் பார்க்கவில்லை, சபையையும் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பாட்டு ஆரம்பிக்கப் போகிறது என்று தெரிந்தே அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருப்பதை அவர் பார்த்தார்.

இந்த மாதிரி ஒரு மூடிய வாயைப் பார்க்கவா இவ்வளவு படி ஏறினோம் என்று அவருக்கு இருந்தது. செம்மல் கையை உயர்த்தினார். லிஃப்ட்காரர் மூச்சை இழுத்தார், புருவத்தைத் தூக்கினார், வாயைத் திறந்தார். பாடினார்.

நிஜமாகவே பாடினார். அதைப் பாட்டு என்று சொல்வது பாட்டுக்குச் செய்கிற துரோகம். "அக்கரை" ஒரு சுருதியில் கிளம்பியது. "விளக்கு" வேறு எங்கேயோ போய் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கீச்சொலி. ஒலி அளக்கும் கருவியின் முள் ஒரே துள்ளலாகத் துள்ளி எதிர்ப்பக்கம் போய் முட்டிக்கொண்டது. காதுக் கருவி மாட்டிய பெரியவர் இருக்கையில் எம்பினார். ஒருங்கிணைப்பாளர் அம்மாள் பச்சைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். லிஃப்ட்காரர் விடவில்லை. மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் சத்தமாக, இன்னும் மோசமாகப் பாடினார்.

"ஐயோ, அப்படி இல்லீங்க!" என்று பக்கவாட்டிலிருந்து ஒரு குரல்.

மனைவி கயிற்றை விட்டுவிட்டாள். ஏதோ குழந்தை தடுக்கி விழப்போவதைப் பார்த்த மாதிரி, யோசிக்காமல் விட்டுவிட்டு மேடைக்கு ஓடிவந்தாள். திரை தொப்பென்று இறங்கியது. கூட்டமும் செம்மலும் அந்தப் பக்கம். லிஃப்ட்காரரும் மனைவியும் இந்தப் பக்கம்.

அவள் சபையைப் பார்க்கவே இல்லை. அவரைப் பார்த்துத்தான் பாடினாள், சொல்லிக்கொடுக்கிறவளாக, கொஞ்சம் கோபத்தோடு. "அக்கரை விளக்குத் தெரிகிறதா, அண்ணே, அலை கொஞ்சம் ஓய்கிறதா?" அது மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போனது. தூங்கியவர்கள் விழித்தார்கள். பாட்டு கேள்வியில் முடிந்து நின்றது. பதில் வர வேண்டும்.

வரவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் பதில் வரியைப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். பயிற்சி அப்படி. ஒரு மூச்சுகூட வெளியே வரவில்லை.

மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வரிக்குப் பதில் சொல்கிறவள் இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் கண் நிறைந்தது. லிஃப்ட்காரர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், தனக்கு வந்த கேவலமான குரலில், "தெரியுது தாயே, சின்னதாத் தெரியுது" என்று ஆரம்பித்தார். துடுப்பு வரியில் சுருதி அடியோடு கவிழ்ந்தது. அவள் அழுதுகொண்டே தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே அடுத்த கேள்வியைப் பாடினாள். அவர் பதில் சொன்னார். இப்படியே பாட்டு முழுதும் போயிற்று, ஒருத்தி நன்றாகவும் ஒருவர் நாராசமாகவும்.

முடிந்தபோது பச்சைத்துணி ஆடவில்லை. ஆனாலும் தட்டினார்கள். துணி இல்லாமல் தட்டிப் பழக்கம் இல்லாததால் எப்போது நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை.

உடை மாற்றும் அறையில் விசாரணை உடனே நடந்தது. மன்றம் எதையும் உடனே செய்தது அந்த ஒருமுறைதான். செம்மல் நாற்காலியில் சரிந்து கிடந்தார்.

"உங்களை எவ்வளவு நம்பினேன்!" என்றார் லிஃப்ட்காரரைப் பார்த்து. "கேட்டுடுச்சே! கடைசி வரிசை வரைக்கும் கேட்டுடுச்சே!"

தலைவர் இன்னும் கவலையாக இருந்தார். "வெளியில நாலஞ்சு பேர் வந்து, அடுத்த வருஷமும் இவங்க ரெண்டு பேரும் பாடுவாங்களான்னு கேக்கறாங்க. இது எங்க போய் முடியும்? இன்னைக்குக் கேட்டாங்க, நாளைக்கும் கேக்கணும்பாங்க. கேக்கற மாதிரி பாட நாம எத்தனை பேருக்குச் சொல்லிக்குடுக்க முடியும்? நம்ம யாருக்கு அது தெரியும்?"

தான் என்ன சொன்னோம் என்று தலைவருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு தீர்ப்பு வந்தது. மனைவியை இனி மன்றத்தின் எந்த நிகழ்ச்சியிலும் சேர்ப்பதில்லை. லிஃப்ட்காரரின் பதவி ரத்து. விரும்பினால் எப்படி நிற்பது என்கிற வகுப்பிலிருந்து மறுபடி தொடங்கலாம். மற்ற எல்லோருக்கும் சான்றிதழ். திரை விழுந்த பிறகும் கலங்காமல் கடைசி வரிவரை பாடி முடித்ததற்காகக் கூட்டத்துக்குத் தனியாக ஒரு பாராட்டு.

பஸ் நிறுத்தத்தில் ஆள் இல்லை. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவருக்கு முழங்காலும் தொண்டையும் சேர்ந்து வலித்தன. காலையில் சீக்கிரமே ஒரு கட்டடத்துக்குப் போயாக வேண்டும். அந்த வாரம் ஒன்றும் மிச்சம் வைக்காமல் தன்னைத் தின்றுவிட்டதாகத் தோன்றியது. மனைவி எதிர்க் கடையின் இறக்கிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க குரல் சகிக்கலைங்க" என்றாள்.

"தெரியும்."

"அக்கா இருந்திருந்தா எழுந்து போயிருப்பா."

"போயிருப்பாங்க."

பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அவர் எழுவதற்குக் கையை நீட்டினாள்.

"நாளைக்கும் பாடணும், சொல்லிட்டேன்" என்றாள். "வேற யாரு இருக்கா எனக்கு?"

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.